கர்ப்பப்பை நீக்கிய பிறகு வீட்டுப் பொறுப்புகளை யாரிடம், எப்படி ஒப்படைப்பது?

கேள்வி: திருவட்டாறு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் இருந்ததால் மாதவிடாய் நாட்களில் அளவுக்கு மீறி இரத்தம் போய், ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து, மாத்திரைகளாலும் பலன் கிடைக்காத நிலையில், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றினார்கள். இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது. மேல்காயம் ஆறிவிட்டது, வலியும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனால் அடுப்படியில் சிறிது நேரம் நின்றாலே கால்கள் தளர்ந்து, அடிவயிறு கனத்து, எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

என் கவலை உடம்பைவிட வீட்டைப் பற்றியதுதான். கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தோட்டத்துக்குப் போனால் பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்திருப்பதால், அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது முதல் கழிப்பறை நாற்காலியில் உட்கார வைப்பது வரை எல்லாம் என் கையால்தான் நடந்து வந்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஆப்பரேஷன் முடிந்ததும் என் அம்மா வந்து கூடவே இருந்தார்; அவருக்கும் முழங்கால் வலி அதிகமானதால் ஊருக்குத் திரும்பிவிட்டார். நாத்தனார் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தம் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார்.

பார்க்க வருகிறவர்களில் ஒருவர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பழைய பெலம் இனி வராது என்கிறார். இன்னொருவர், தம் மதினி பத்தாம் நாளே கிணற்றில் தண்ணீர் கோரியதாகப் பெருமையாகச் சொல்கிறார். இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் அவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுக்கிறேன். இரவில் தூக்கம் வருவதில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. மகன் ஒரு வார்த்தை பேசினால்கூட எரிந்து விழுகிறேன். எந்த வேலையை எப்போது தொடங்கலாம், மாமியாரைத் தூக்கும் பொறுப்பை யாரிடம் விடுவது, இந்த அழுகைக்கு ஹார்மோன்தான் காரணமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

மக்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது இருக்கும் மூன்றாவது வாரம்தான் இந்தச் சிகிச்சையில் ஏமாற்றுகிற வாரம். வலி குறைந்துவிடுகிறது, மேல்தோல் ஒட்டிவிடுகிறது, வீட்டில் உள்ளவர்களும் "எழுந்து நடமாடுகிறாளே" என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் வயிற்றுச் சுவரின் உள் அடுக்குகளில் போட்ட தையலும், கர்ப்பப்பை இருந்த இடத்தில் பிறப்புறுப்பின் மேல்முனையை மூடிப் போட்ட தையலும் அப்போதுதான் கூடிவருகின்றன. பூச்சு உலர்ந்துவிட்டதே என்று புதுச் சுவரில் பாரம் ஏற்றுவதற்கு ஒப்பானது இந்த வாரத்தில் பளு தூக்குவது. வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்வது) மூலமோ பிறப்புறுப்பு வழியாகவோ செய்துகொண்டவர்கள் சற்று முன்னதாகவே எழுந்துவிடுவார்கள்; அந்த மதினி எந்த வகைச் சிகிச்சை செய்துகொண்டார் என்று தெரியாமல் அவரோடு உங்களை ஒப்பிட வேண்டாம்.

ஆறு வாரம் முடியும்வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. தண்ணீர் நிறைந்த குடம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். ஈரத்துணி வாளியும் அப்படியே. நம் ஊர்ப் பெண்கள் கணக்கில் எடுக்காத ஒன்று சோற்றுப் பானை. சம்பா அரிசியைப் பெரிய பானையில் வேகவைத்து, இடுப்பை வளைத்து, பானையைச் சரித்துக் கஞ்சி வடிக்கும்போது கனம், குனிவு, முறுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் அடிவயிற்றில் விழுகின்றன. அந்த ஒரு வேலையை மட்டும் மகளிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது சோற்றை அரிகரண்டியால் கோரி எடுங்கள். தரையில் குந்தி உட்கார்ந்து தேங்காய் துருவுவதும் இப்போதைக்கு வேண்டாம். மேசையருகே உட்கார்ந்து காய்கறி நறுக்கலாம், துணி மடிக்கலாம், மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். முற்றத்தில் நடப்பதை மட்டும் விடக் கூடாது. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் பத்தியம் என்ற பெயரில் மீனையும் முட்டையையும் விலக்கி வைத்திருக்கிறார்களா? எங்கள் வார்டில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். சாளையும் நெத்திலியும் புண்ணில் சீழ் வைக்கும் என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டன்சாயாவோடு விழுங்காதீர்கள். தேயிலை இரும்பைச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். அந்த மாத்திரையால் மலம் கறுக்கும், இறுகவும் செய்யும். முக்கி மலம் கழிப்பது உள் தையலுக்கு நல்லதல்ல என்பதால், நிறையத் தண்ணீரும் கீரையும் பழமும் எடுத்துக்கொண்டு, அப்படியும் சரியாகாவிட்டால் இளக்கும் மருந்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், மாதவிடாய் நிற்கும் காலத்தில் மெல்ல வர வேண்டிய மாற்றங்கள் ஒரே நாளில் வந்துவிடும். திடீரென்று உடல் கொதிப்பது, இரவில் வியர்ப்பது, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதில் அடங்கும், அதற்கு மருத்துவமும் இருக்கிறது. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் பெரும்பாலும் தொடர்ந்து சுரக்கும். அப்படியானால் உங்கள் அழுகைக்கு இரத்தசோகையும், தூக்கமின்மையும், நீங்கள் எழுதியிருக்கும் அந்த வீட்டுப் பாரமுமே காரணமாக இருக்கலாம். எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பாமலே இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோகூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலோ, நாற்றமுள்ள கழிவு வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வீட்டு வேலை எதையும் கணக்குப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி மாமியார். அவரைத் தூக்குவது இப்போது உங்கள் வேலை அல்ல. பாதி தூக்குவதும் அல்ல, மகள் தூக்கும்போது ஒரு கை கொடுப்பதும் அல்ல. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். வருகிற பிசியோதெரபிஸ்டிடம், செயலிழந்த பக்கத்துத் தோளைப் பிடித்து இழுக்காமல் விரிப்பைக் கொண்டு புரட்டும் முறையை உங்கள் கணவருக்கும் மகளுக்கும் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

பதில் 2: கருங்கலிலிருந்து ஒருவர்

செவிலியர் அக்கா எழுதிய பிறகு மருத்துவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் மனைவிக்கும் இதே சிகிச்சை நடந்தது என்பதால், கணவன் பக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். கையில் ஏத்தன் பழமும் ஹார்லிக்ஸும் இருக்கும். ஆனால் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே என் மனைவி படுக்கையைவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆகவே சபையிலும் சொந்தக்காரர்களிடமும் நானே பேசி, மாலை நான்கு மணிக்குப் பிறகு மட்டும் வரும்படி கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன், சாயா போடுவது என் பொறுப்பு, அவள் கட்டிலைவிட்டு இறங்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு பேருக்கு வருத்தம்தான். அது தானாகச் சரியாகிவிட்டது. உங்கள் கணவரும் மதியத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எனவே இது அவருக்கு முடியாத காரியமல்ல.

இன்னொன்று, மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு என்றால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அங்கே இருக்கும். அவன் பள்ளியில் சாப்பிடுவதைக் குறைவாக நினைக்காமல் ஒரு பொழுது சமையலை விட்டுவிடுங்கள்.

பதில் 3: முந்திரி ஆலைத் தொழிலாளி, மார்த்தாண்டம் பக்கம்

கேள்வி கேட்ட அக்கா வெளிவேலைக்குப் போகிறாரா என்று தெரியவில்லை. இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்காகச் சொல்கிறேன். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள ஆலையில் வேலை செய்கிறவர்கள், அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி நாள்கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள் வரை பெறலாம். இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழ்களை அந்தந்தக் காலத்துக்கு வாங்கி ஒப்படைக்க வேண்டும். கூலி போய்விடுமே என்ற பயத்தில்தான் எங்கள் ஆலையில் பலர் நாலாம் வாரமே வந்து குந்தியிருந்து பருப்பு உடைக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: திருவட்டாறு வாசகி

எல்லோருக்கும் நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகள் இரண்டும் இருக்கின்றன. சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரை மகள் பதிவு செய்துவிட்டாள். கணவர் தோட்டத்துக்குக் கிளம்புமுன் அவரைப் புரட்டி, துணி மாற்றிவிட்டுப் போகச் சம்மதித்திருக்கிறார்.

ஆனால் கணவர் போனதிலிருந்து மதியம்வரை உள்ள நேரம்தான் சிக்கல். கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தலாம் என்றால், வெளியாள் தன்னைத் தொடக் கூடாது என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெற்ற மகனான என் கணவர் சுத்தம் செய்வதும் அவருக்குக் கூச்சம். நாத்தனாரிடம் நானே கேட்டால், மாமியாரைப் பார்க்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிறேன்.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

நீங்கள் கேட்க வேண்டாம். உங்கள் கணவர் தம் அக்காவிடமோ தங்கையிடமோ நேரில் பேச வேண்டும். அவர்கள் இருவருக்கும்தான் அவர் அம்மா. "முடிந்தபோது வந்து போ" என்று பொதுவாகச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பார்வையாகவே அது நின்றுவிடும். ஆறாவது வாரப் பரிசோதனை வரைக்கும், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை காலை நேரத்தில் அம்மாவுக்கு நீ இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அவருக்கும் வீடு, பிள்ளைகள் இருப்பார்கள், எல்லா நாளும் முடியாது என்றால் முடிகிற நாட்களை அவரே சொல்லட்டும். மீதி நாட்களுக்குத்தான் கூலிக்கு ஆள். அந்தப் பெண்ணை முதல் இரண்டு நாள் நாத்தனார் இருக்கும்போதே வரவழைத்து, அவர் முன்னிலையில் மாமியாருக்குத் தலைசீவி, கஞ்சி கொடுத்துப் பழக விடுங்கள். சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெற்ற மகள் "இவளை நான்தான் வரச் சொன்னேன்" என்று சொன்னால் பெரியவர்களின் பிடிவாதம் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

யாரும் இல்லாத நாளில், கணவர் கிளம்புமுன் பெரியவர்களுக்கான டயபர் கட்டிவிட்டால் அதிகாலைப் பொழுது கடந்துவிடும். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் அதை அப்படியே விடக் கூடாது. இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ஆகவே பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு முறை மகளும், இடையில் ஒரு முறை பக்கத்து வீட்டார் எவராவதும் விரிப்பைப் பிடித்துப் புரட்டட்டும். மகளுக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் இந்த ஒன்றையும் சோற்றுப் பானையையும் தவிர வேறு எதையும் அவள் தலையில் வைக்காதீர்கள். நீங்கள் எரிந்து விழுவதாக எழுதிய அந்த மகனிடம், அம்மாவுக்கு உடம்பு தேறும்வரை கோபம் சீக்கிரம் வரும், அது உன்னால் அல்ல என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதில் பிள்ளைகளுக்கு அது புரியும்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு கனம் தூக்கலாம், மாமியாரை எப்போதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். தாம்பத்திய உறவும் உள் தையலைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்; இதைக் கேட்க வெட்கப்பட்டுத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அகற்றிய கர்ப்பப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் பலர் வீட்டில் வாங்கப்படாமலே கிடக்கும். அதற்கு முன்பே கணவரை அனுப்பி வாங்கிவைத்து, பரிசோதனை நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள்.