போனில் படித்த மெயில் லேப்டாப்பில் படிக்காததாகவே நிற்கிறது

கேள்வி:
அலுவலக மெயிலைப் புது போனில் சேர்த்து மூன்று நாளாகிறது. போனில் படித்தது லேப்டாப்பில் படிக்காததாகவே தெரிகிறது. போனிலிருந்து அனுப்பிய பதில்கள் அங்கே இல்லவே இல்லை. காலண்டரும் அப்படித்தான். போனில் குறித்த அம்மாவின் ஸ்கேன் தேதி லேப்டாப்பில் வராததால், அதே நேரத்தில் மீட்டிங்குக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. போனை ரீசெட் செய்துவிடவா?

பதில்:
ரீசெட் வேண்டாங்க, அவசரப்படாதீங்க. அக்கவுண்ட் செட்டிங்கில் இன்கமிங் சர்வரைப் பாருங்க. போர்ட் 995 என்றால் அது பாப் முறை. மெயிலை போனுக்கு இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எதைப் படித்தீங்க, என்ன அனுப்பினீங்க என்று சர்வருக்குத் திருப்பிச் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது ஐமேப், போர்ட் 993. இந்த முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும், படித்ததும் அனுப்பியதும் எல்லாச் சாதனத்திலும் ஒரே மாதிரி தெரியும். பழைய அக்கவுண்டை நீக்கி ஐமேப்பில் மறுபடி சேர்க்கும் முன் போனில் மட்டும் இருக்கிற மெயில்களைக் கட்டாயம் நகல் எடுத்து வையுங்க. நான் எடுக்காமல் ஒரு வருஷக் கடிதங்களை இழந்தவன்.

இன்னொரு பதில்:
ஐமேப் மெயிலை மட்டும்தான் சுமக்கும். காலண்டருக்கு கேல்டேவ் (காலண்டரைச் சர்வருடன் ஒத்திசைக்கும் முறை) அல்லது எக்ஸ்சேஞ்ச் (மெயில், காலண்டர் இரண்டையும் சுமக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) அக்கவுண்ட் வேண்டும். நிகழ்வைச் சேர்க்கும்போது எந்தக் காலண்டரில் சேமிக்கிறது என்றும் பாருங்கள். ‘போன்’ என்றிருந்தால் அது போனைத் தாண்டாது.

கேட்டவர்:
995தான்! மாற்றிவிட்டேன், மெயில் சரியாகிவிட்டது. ஸ்கேன் தேதியும் ‘போன்’ காலண்டரில்தான் கிடந்தது. மீட்டிங்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் செயலியைத் திறந்தால்தான் புது மெயில் வருகிறது.

பதில்:
பேட்டரியைச் சேமிக்க போன் செயலியைப் பின்னணியில் நிறுத்தி வைக்கலாம். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து மெயில் செயலியை விலக்கிப் பாருங்க.