ஸ்பானிஷ் ‘யா’: முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

உட்லண்ட்ஸ்_பயணி:
ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். சிங்கப்பூரில், ஜூரோங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை எனக்கு. பெருவில் இருக்கும் ஒருவரோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேச வேண்டியிருப்பதால் நாலு மாதமாக எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘யா’ என்றால் ‘ஏற்கெனவே’ என்று பாடத்தில் இருந்தது. ‘யா கொமி’, ஏற்கெனவே சாப்பிட்டேன். அதுவரை சரி. போன வாரம் இரவு 9 மணிக்கு, லிமாவில் அப்போது காலை 8, அவரிடம் பேக்கிங் லிஸ்ட் கேட்டேன். ‘யா தே லோ மாந்தோ’ என்று பதில் வந்தது. அனுப்பிவிட்டார் என்று நினைத்து மின்னஞ்சலில் தேடு தேடென்று தேடினேன், ஸ்பேம் பெட்டியைக்கூட விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா’ என்று கேட்டால் வெறும் ‘யா’ என்று மட்டும் போட்டிருக்கிறார். முடித்துவிட்டேன் என்கிறாரா, முடிக்கிறேன் என்கிறாரா?

தேக்கா_வாசகி:
தம்பி, அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ‘மாந்தோ’ நிகழ்காலம், ‘மாந்தே’ இறந்தகாலம். ‘யா தே லோ மாந்தே’ என்று வந்திருந்தால் அனுப்பியாச்சு என்று அர்த்தம். ‘மாந்தோ’ என்றால் ‘இதோ அனுப்புகிறேன்’. காலத்தைச் சொல்வது வினைச்சொல்தான், ‘யா’ இல்லை, அதனால் முதலில் வினையின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் நாம் எழுந்திருக்காமலேயே ‘இதோ வந்துட்டேன்’ என்போமே, அந்த இடத்தில் அவர்கள் சொல்வது ‘யா வோய்’. இதில் ‘வோய்’ என்பது ‘போகிறேன்’. கூப்பிட்டவரிடம் ‘வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் அந்த மொழியில் இல்லை. நான் மத்ரீத்தில் ஆறு வருடம் இருந்தேன், இது வாயில் படியவே ஒரு வருடம் ஆனது.

அந்தத் தனி ‘யா’வுக்கு வருகிறேன். பெருவிலும் சிலியிலும் அது ‘சரி’. வெள்ளிக்குள் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஸ்பெயினில் அதே ‘யா’வைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ‘ம்ம், நீ சொல்வதை நம்பிட்டேன்’ என்கிற மாதிரி சந்தேகமாகிவிடும். எழுத்தில் குரல் தெரியாது என்பதால் ஆள் எந்த ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ‘சாப்பிட்டாச்சு’ என்பதற்கு மத்ரீத்தில் ‘யா எ கொமிதோ’ என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் உங்கள் பாடத்தில் இருக்கிற ‘யா கொமி’தான்.

கோப்பி_ஓ_கோசோங்:
‘ஏற்கெனவே’ என்று மனப்பாடம் செய்ததுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இந்தச் சொல் கஷ்டமாக இருக்கவே கூடாது, ஏனென்றால் நாம் பேசும் ‘ஆல்ரெடி’ கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ஈட் ஆல்ரெடி’ என்றால் சாப்பிட்டு முடிந்தது. ‘ரெய்ன் ஆல்ரெடி’ என்றால் மழை முடிந்தது என்றா அர்த்தம்? இல்லை, மழை தொடங்கிவிட்டது. மலாயில் ‘சுடா’, ஹொக்கியனில் ‘லியாவ்’, எல்லாம் இந்த வகைதான். நிலைமை மாறிவிட்டது, அல்லது இதோ மாறப்போகிறது, அதைத்தான் ‘யா’ காட்டுகிறது. லத்தீனின் ‘யாம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதிலும் ‘இப்போது’, ‘ஏற்கெனவே’ என்று இரண்டு பொருளும் உண்டு.

இதைப் பிடித்துக்கொண்டால் ‘யா நோ’ தானாகப் புரியும். பலரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். பரோட்டாக் கடையில் மதியம் இரண்டு மணிக்குப் போய் மட்டன் முர்தபா கேட்கிறீர்கள், கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ‘முடிஞ்சுபோச்சு’ என்கிறார். அது ‘யா நோ ஆய்’. காலை ஆறரைக்குப் போய்க் கேட்டால், மாவை வீசிக்கொண்டே ‘இன்னும் ஆகலை’ என்பார். அது ‘தொதபியா நோ ஆய்’. கையில் ஒன்றும் கிடைக்காதது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் முதலாவதில் காத்திருந்து பயனில்லை.

தேக்கா_வாசகி:
முர்தபா உதாரணம் அருமை! ஒரே ஒரு திருத்தம். ‘ஆல்ரெடி’யை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது. ‘யா பெரேமோஸ்’ என்றால் ‘பார்க்கலாம்’, அதில் எதுவும் மாறவில்லை, முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள். ‘யா கே’ என்று சேர்ந்து வந்தால் காரணம் சொல்கிறது, நம்முடைய ‘என்பதால்’ மாதிரி. ஆனால் ‘யா?’ என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் அது அப்படியே நம் ‘ஆச்சா?’தான், பதிலும் ‘யா எஸ்தா’, ஆச்சு. தமிழில் ‘ஆச்சு’ இருக்கும்போது ஏன் ‘ஏற்கெனவே’யைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்? ‘யா கொமிஸ்தே?’ என்றால் ‘சாப்பிட்டாச்சா?’, எவ்வளவு லேசாக உட்கார்கிறது பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_பயணி:
அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படித்ததும் பழைய செய்திகளை எல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ‘ஒரிஜினல் பில்லைக் கூரியரில் அனுப்பட்டுமா’ என்று கேட்டிருக்கிறேன், அவர் ‘யா நோ எஸ் நெசெசாரியோ’ என்று போட்டிருக்கிறார். இப்போதைக்கு வேண்டாம், பிறகு கேட்பார் என்று நினைத்து உறையில் முகவரிகூட எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அது ‘இனித் தேவையில்லை’தானே? நாளை காலை கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.

கோப்பி_ஓ_கோசோங்:
ஆமாம், ‘இனித் தேவையில்லை’யேதான். முன்பு தேவைப்பட்டிருக்கிறது, நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கோப்பில் வையுங்கள்.