உதவி: 22 யூரோ பொருளுக்கு 31 யூரோ தபால் செலவாம், குறைக்க வழி உண்டா?

வில்லியனூர்_விஜி | வியாழன் இரவு 9:12
அவசரம். நாளை இரவு ஏலம் முடிகிறது. பொருள் இப்போது 22 யூரோவில் நிற்கிறது. தபால் செலவு எவ்வளவு என்று கேட்டால் 31 யூரோ என்கிறார் விற்பவர். கையளவு உறைதான், எடை ஒன்றுமே இல்லை. இதெல்லாம் நியாயமா? குறைக்கச் சொல்லி எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெய்வேலி_நாதன் | 9:20
எந்த நாடு?

கவர்காதலன் | 9:24
என்ன பொருள்? தபால்தலையா, கவரா (தபாலில் போய் முத்திரை விழுந்த பழைய உறை), படஅஞ்சலட்டையா? "எடை ஒன்றுமே இல்லை" என்று எந்த நாட்டிலும் கட்டணப் பட்டியல் கிடையாது அண்ணே. 20 கிராமுக்குள்ளா, 100 கிராமுக்குள்ளா? பதிவுத் தபாலா, சாதாவா? ஒன்றா, நான்கைந்தா?

செப்புக்காசு | 9:31
எந்த நாடாக இருந்தால் என்ன, தபாலில் லாபம் பார்க்கும் ஆள் இவர். பொருளை மலிவாகப் போட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள், விட்டதைத் தபாலில் பிடிப்பார்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன். விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

தபால்பைத்தியம் | 9:40
அன்பளிப்பு என்று எழுதி, மதிப்பு 5 யூரோ என்று போட்டு, வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதக் கட்டணம்தான் ஆகும். நான் இப்படித்தான் வாங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழந்தபால்காரன் | 10:05
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது அழகுக்காக இல்லை. சரி, இன்னொரு முறை எழுதுகிறேன்.

கடிதம் வேறு, சரக்கு வேறு. நீங்கள் வாங்குவது ஐந்து கிராம் தபால்தலையாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்கினால் அது சரக்கு. முன்பெல்லாம் அதைக் கடித உறையில் போட்டு அனுப்பினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 2018 ஜனவரி 1 முதல் சரக்கு உள்ள சிறு தபால் எல்லாவற்றிலும் பார்கோடு வேண்டும் என்று உலக அஞ்சல் ஒன்றியம் விதித்தது. அதே மாதம் 21ஆம் தேதியிலிருந்து அமெரிக்க அஞ்சல்துறை, வெளிநாடு போகும் கடித உறையில் ஆவணம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அதுவரை ஒரு டாலர் சொச்சத்தில் வந்துகொண்டிருந்த சின்ன உறைக்கு அன்றிலிருந்து பொட்டலக் கட்டணம், பத்து மடங்குக்கும் மேல். 2021 ஜனவரி முதல், சரக்கு கிளம்புவதற்கு முன்பே அதன் சுங்க விவரம் கணினி வழியாகப் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் அஞ்சல்துறைகளுக்குச் செலவு இருக்கிறது, அதை யாராவது ஒருவர் தலையில்தான் கட்டுவார்கள்.

இதற்கெல்லாம் மூலம் முனைக்கட்டணம், அதாவது வந்த தபாலை விநியோகிக்க அனுப்பும் நாடு சேரும் நாட்டுக்குக் கொடுக்கும் தொகை. 1874இல் பெர்ன் நகரில் ஒன்றியம் தொடங்கியபோது தபால்தலை விற்ற நாடே பணத்தை வைத்துக்கொண்டது. இங்கிருந்து ஒரு கடிதம் போனால் அங்கிருந்து ஒரு பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை. பிறகு சில நாடுகள் அனுப்புவதே அதிகம், சில நாடுகள் வாங்கி விநியோகிப்பதே அதிகம் என்றாயிற்று. 1969 டோக்கியோ மாநாட்டில்தான், அனுப்பும் நாடு சேரும் நாட்டுக்கு விநியோகச் செலவு தர வேண்டும் என்று முடிவானது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு. ஒன்றியத்தை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டிய அமெரிக்கா, தன் விநியோகக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. இதைப் படித்துவிட்டு அப்புறம் "நியாயமா" என்று கேளுங்கள்.

மீனாட்சி_மதுரை | 10:22
ஐயா, நல்ல தகவல். ஆனால் ஜெனீவாவில் நடந்தது அமெரிக்காவுக்குள் வரும் தபாலைப் பற்றியது. விஜிக்கு வர வேண்டிய உறை யூரோ நாடு ஏதோ ஒன்றிலிருந்து இந்தியாவுக்கு வருகிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தபால்பைத்தியம் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து, தபாலிலோ கூரியரிலோ வருவதை அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் சுங்கத்தில் விடுவிக்க முடியாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. முன்பு 5,000 ரூபாய் வரை விலக்கு இருந்ததால் அந்தப் பழக்கம் இன்னும் பலருக்குப் போகவில்லை. உறைமேல் அன்பளிப்பு என்று எழுதுவது, வா வந்து என்னைப் பிரித்துப் பார் என்று கூப்பிடுவது மாதிரி. போதாததற்குப் பொய் மதிப்பு வேறு. தொலைந்துபோனால் இழப்பீடும் அந்த 5 யூரோவுக்குத்தான் கேட்க முடியும்.

தபால்பைத்தியம் | 10:29
எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே சொன்னேன்.

மீனாட்சி_மதுரை | 10:30
ஹெல்மெட் போடாதவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பழந்தபால்காரன் | 10:41
@மீனாட்சி_மதுரை, பின்னணியைச் சொன்னேன் அம்மா. பின்னணி தெரியாமல் பதில் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு நான் எழுதுவதில்லை.

நெய்வேலி_நாதன் | 10:44
எந்த நாடு என்று இன்னும் தெரியவில்லை. ஜெர்மனியா, பிரான்ஸா, அயர்லாந்தா?

வில்லியனூர்_விஜி | 11:17
மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். பிரான்ஸ்தான், வேறு எங்கே? பிரெஞ்சிந்தியப் பொருள் என்பதால் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்று கவர், அதில் ஒன்றில் 1941 வாக்கிலான "பிரான்ஸ் லிப்ரே" (சுதந்திர பிரான்ஸ்) மேலச்சு, அதாவது தபால்தலைமேல் பிற்பாடு அச்சடித்த எழுத்து. அப்புறம் ஒரு காசு. எல்லாம் சேர்த்து ஏலத்தில் ஒரே லாட். காசு சின்னதுதான், நகத்தளவு.

கவர்காதலன் | 11:20
காசா!

செப்புக்காசு | 11:21
என்ன காசு? படம் போடுங்கள்!

கவர்காதலன் | 11:34
விஜி, பிரெஞ்சிந்தியப் பொருள் என்று நீங்கள் சொல்வதே இப்போதுதான். முதல் பதிவில் அந்தச் சொல்லே இல்லை.

அது போகட்டும். விஷயமே அந்தக் காசில்தான் இருக்கிறது. உலக அஞ்சல் ஒப்பந்தப்படி நாணயம், ரூபாய் நோட்டு இவற்றைக் காப்பீடு செய்யாத கடிதத் தபாலில் போடக் கூடாது. சில நாடுகள் தங்கள் சட்டம் இடம் கொடுத்தால் பதிவுத் தபாலில் மூடிய உறையில் அனுமதிக்கும், ஆனால் அதை நம்பி இறங்குகிற விற்பனையாளர் குறைவு. அதனால்தான் உங்கள் ஆள் லாட் முழுவதற்கும் டிராக்கிங், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்சல் கட்டணம் போட்டிருப்பார். 31 யூரோ என்பது அவர் அடிக்கும் கொள்ளையாகத் தெரியவில்லை. காசை விட்டுவிட்டுக் கவர் மட்டும் அனுப்பினால் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கிருந்தும் சரக்கு என்றுதான் வரும், ஆனால் தொகை இறங்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. சுங்கவரி போட்டார்களானால் பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள். தபால் செலவில் ஒரு பங்கையும் சேர்த்துத்தான் கணக்கு.

வில்லியனூர்_விஜி | 11:40
காசில் ஒரு பக்கம் அல்லி மலர் மாதிரி, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கிறது. எனக்கு முக்கியம் கவர்தான். காசும் இருந்தால் நல்லது.

செப்புக்காசு | 11:52
அது டூடூ! பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிச் செப்புக்காசு. ஐயோ, அதைப் போய் "அப்புறம் ஒரு காசு" என்று எழுதுகிறீர்களே. ஆறு டூடூ ஒரு ஃபனோன், எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். டூடூ என்பது நம்ம துட்டுதான், பிரெஞ்சுக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. கையில் துட்டு இருக்கா என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தத் துட்டு.

பழந்தபால்காரன் | வெள்ளி காலை 6:10
துட்டு தமிழே இல்லை. டச்சுக்காரர்களின் "டைட்" என்ற செப்புக்காசுதான் துட்டு. அகராதியைப் புரட்டிப் பார்க்கவும்.

செப்புக்காசு | 6:48
டச்சிலிருந்து வந்தது என்று சொல்லட்டும், அது புதுச்சேரிக்கு எப்படி வந்ததாம்? இங்கே ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். மக்கள் துட்டு என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவன் டூடூ என்றான். நான் சொன்னது அவ்வளவுதான்.

காரைக்கால்_காற்று | 7:15
இரண்டு பேர் சொல்வதும் சரிதானே? டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இருந்து காசு அடித்தார்கள், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்களிடம் இருந்தது. அவ்வளவு ஏன், 1693 முதல் 1699 வரை புதுச்சேரியே அவர்கள் கையில்தான். துட்டு அவர்களிடமிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போயிருக்கலாம். காரைக்கால் என்று பொறித்த டூடூவும் உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டீர்கள்.

பழந்தபால்காரன் | 7:22
"இருக்கலாம்" என்பது ஆராய்ச்சி ஆகாது.

செப்புக்காசு | 7:25
தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள் ஐயா.

நெய்வேலி_நாதன் | 8:03
ஏலம் இன்று இரவு. அந்த ஆளுக்கு வழி சொல்லுங்கப்பா.

இதே விற்பனையாளரிடம் வேறு ஏதாவது வேண்டியது இருக்கிறதா விஜி? மூன்று நான்கு லாட்டைச் சேர்த்து ஒரே பொட்டலமாக வாங்கினால், ஒவ்வொன்றின் தலையிலும் விழும் தபால் செலவு குறையும். எடைப்படி அடுத்த படிக்குப் போவதற்குள் நிறைய இடம் இருக்கும், வெறும் உறைக்கும் அரைக்கிலோவுக்கும் அதே கட்டணமாகக்கூட இருக்கலாம். பலர் ஒன்றிரண்டு மாதம் எடுத்து வைத்திருந்து மொத்தமாக அனுப்புவார்கள். மரியாதையாகக் கேட்டால் போதும். "இது நியாயமா" என்று ஆரம்பிக்காதீர்கள்.

மீனாட்சி_மதுரை | 8:30
ஒரு எச்சரிக்கை. அந்த டூடூ நூறு வயது தாண்டியது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு பழைய நாணயமும் தொல்பொருள்தான். உள்ளே வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் வந்துவிட்டால், பிற்பாடு வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்று நீங்களாக வெளியே அனுப்ப முடியாது. மாற்றி விற்கும் எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

தபால்பைத்தியம் | 8:41
விற்கிறவன் எவன்? அதெல்லாம் நாம் போன பிறகு பிள்ளைகள் பழைய பேப்பர் கடையில் போடுவதுதானே.

கவர்காதலன் | 8:50
என் அனுபவம் ஒன்று. நான்கு வருடம் முன்பு பிரிட்டனில் ஒருவர் மலிவு என்று சாதா உறையில் அனுப்பினார். டிராக்கிங் இல்லை. 7 மாதம் கழித்து, ஓரம் நனைந்து, உள்ளே கவர் முழுக்கக் கோந்து ஒட்டி வந்தது. மிச்சம் பிடித்த காசுக்கு அந்தக் கவரை ஒரு முறை பார்த்து அழலாம். அதிலிருந்து தபாலில் கஞ்சத்தனம் பிடிப்பதில்லை. கவர் வாங்குபவர்கள் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செப்புக்காசு | 9:05
விற்பவர் கொள்ளையடிக்கிறார் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. பார்சல் கட்டணம் 25 இருந்தால் 31 போட்டிருப்பார்.

கவர்காதலன் | 9:09
அட்டை, உறை, வரிசையில் நின்ற நேரம் எல்லாம் யார் கணக்கு? நீங்கள் விற்றுப் பாருங்கள் அண்ணே.

வில்லியனூர்_விஜி | மதியம் 1:33
எல்லோருக்கும் நன்றி. விற்பவருக்கு எழுதினேன். லாட்டைப் பிரிக்க மாட்டாராம். பிரான்ஸுக்குள் அனுப்புவதானால் பதிவுத் தபால் 7 யூரோதானாம். அதனால் நமக்கென்ன பயன், நாம் இங்கே இருக்கிறோம். சித்தப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் பாரிஸ் பக்கம் இருக்கிறார்.

நெய்வேலி_நாதன் | 1:35
பாரிஸில் சித்தப்பாவா?

மீனாட்சி_மதுரை | 1:36
விஜி!!

காரைக்கால்_காற்று | 1:40
வில்லியனூர் என்று பெயரில் இருக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்ஸில் ஆள் உண்டு. எங்கள் வீட்டிலும் அத்தை குடும்பம் அங்கேதான். நான் வாங்குவதெல்லாம் அத்தை வீட்டு முகவரிக்குப் போகும், விடுமுறையில் வரும்போது பெட்டியில் வரும். கவர் மடங்காமல் இருக்க ஒரு பெரிய புத்தகத்துக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ரசீதையும் கூட வைக்கச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம். அத்தைக்கு முறுக்கும் மாங்காய் ஊறுகாயும் திரும்பிப் போகும். அந்தச் செலவையும் தபால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழந்தபால்காரன் | 2:02
முதல் பதிவிலேயே நாடு, பொருள், உறவினர் இருக்கிறாரா என்ற மூன்றையும் எழுதியிருந்தால் முப்பது பதில் மிச்சம்.

செப்புக்காசு | 2:04
அதில் நான்கு உங்களுடையது ஐயா.

கவர்காதலன் | 2:20
விஜி, "பிரான்ஸ் லிப்ரே" மேலச்சை நம்பி விலையை ஏற்றிவிடாதீர்கள். அதில் போலி நிறைய. அச்சுக்கு மேல் தபால் முத்திரை விழுந்திருக்கிறதா, கீழா என்று பெரிதாக்கிப் பாருங்கள், கீழே என்றால் அச்சைப் பிற்பாடு போட்டிருக்கிறார்கள். படம் போட்டால் நாங்களும் பார்ப்போம்.

வில்லியனூர்_விஜி | சனி காலை 7:50
கிடைத்தது. 34 யூரோவில் முடிந்தது. சித்தப்பா முகவரி கொடுத்துவிட்டேன், ஆகஸ்டில் வருகிறார். நன்றி.

கவர்காதலன் | 8:02
வாழ்த்துகள். படம்?

செப்புக்காசு | 8:03
டூடூ படம் இரண்டு பக்கமும். எடையும் போட்டுச் சொல்லுங்கள்.

காரைக்கால்_காற்று | திங்கள் மாலை 5:26
விஜி?

செப்புக்காசு | புதன் இரவு 9:44
சரி, ஆகஸ்டில் பார்ப்போம். @பழந்தபால்காரன், அகராதி பார்த்தேன். துட்டுக்கு டச்சு என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் டூடூவுக்கு ஒன்றும் போடவில்லை.