எக்ஸிட் கோட் பூஜ்யம் வந்தால் மெயில் போய்ச் சேர்ந்ததா?

நள்ளிரவு_நிர்வாகி:
முனையன் நேற்று ஒரு புதியவருக்குச் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அவர் எழுதியது அப்படியே இது: "சர்வரிலிருந்து மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாம் எதற்கு? எம்எஸ்எம்டிபி போடுங்கள், ஏழெட்டு வரி கான்ஃபிக், அவ்வளவுதான். எக்ஸிட் கோட் பூஜ்யம் வந்தால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது, நிம்மதியாகத் தூங்கலாம்."

தெரியாதவர்களுக்கு: போஸ்ட்ஃபிக்ஸ் முழு மெயில் சர்வர் நிரல், எம்எஸ்எம்டிபி மெயிலை இன்னொரு சர்வரிடம் கொடுப்பதோடு நிற்கும் சின்ன நிரல். எக்ஸிட் கோட் என்பது ஒரு கமாண்ட் முடியும்போது திருப்பித் தரும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி. அந்தக் கடைசி வரி தப்பு. தப்பு மட்டுமில்லை, ஆபத்து. நான் பார்த்த ஒரு சர்வரில் ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டில்) இருந்த டிஸ்க் ஒன்று செத்தது. ரெய்டைக் கண்காணிக்கும் எம்டிஅட்ம் நிரல் அதைக் கவனித்து ஒரு மெயில் அனுப்பியது. அங்கே இருந்த அமைப்பில் அந்தச் செய்தி ஒரே ஒரு தடவைதான் வரும். மெயில் அனுப்ப நிரல்கள் கூப்பிடும் சென்ட்மெயில் கமாண்ட் இருக்கவேண்டிய இடத்தில் எம்எஸ்எம்டிபியை லிங்க் செய்து வைத்திருந்தார்கள். அந்த நிமிடம் பார்த்து ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. எம்எஸ்எம்டிபியில் கியூ (போகாத மெயிலை வைத்திருந்து மறுபடி அனுப்பும் வரிசை) கிடையாது, ஒரு தடவை முயற்சி செய்யும், முடியவில்லை என்றால் ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை, மெயில் காற்றோடு போயிற்று. பத்தொன்பது நாள் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் செத்தபோதுதான் லாக்கைத் திறந்தோம். ஒரே வரி, கடைசியில் ஈஎக்ஸ்_டெம்ப்ஃபெயில், அதாவது தற்காலிகத் தோல்வி. இதற்கப்புறமும் நிம்மதியாகத் தூங்கு என்று ஒருத்தர் சொன்னால் கோபம் வராதா?

முனையன்:
கதை உருக்கமாக இருக்கிறது ஐயா, ஆனால் உங்கள் லாக்கில் இருந்த ஈஎக்ஸ்_டெம்ப்ஃபெயில் என்பது 75. நான் சொன்னது பூஜ்யம். 75 வேறு, பூஜ்யம் வேறு. எம்எஸ்எம்டிபி உங்களிடம் "முடியவில்லை" என்று சொல்லியிருக்கிறது, நீங்கள் காதில் வாங்கவில்லை.

பூஜ்யம் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு பேசுவோம். எதிர்முனை சர்வர் முழு மெயிலையும் வாங்கிக்கொண்டு 250 (சரி, ஏற்றுக்கொண்டேன்) என்று பதில் சொன்னால்தான் வரும். 250 சொன்ன சர்வர் அந்த மெயிலுக்குப் பொறுப்பேற்கிறது, ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், இல்லை முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும். இது என் சொந்தக் கருத்து இல்லை, மெயில் அனுப்பும் முறைக்கான விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 5321 அப்படித்தான் சொல்கிறது. பூஜ்யம் என்றால் போய்ச் சேர்ந்தது. மறுபடியும் சொல்கிறேன், பூஜ்யம்.

நள்ளிரவு_நிர்வாகி:
சரி, பூஜ்யமே வந்த கதை சொல்கிறேன். வேறொரு சர்வர், அதில் போஸ்ட்ஃபிக்ஸ். ஸ்கிரிப்ட் சென்ட்மெயில் கமாண்டைக் கூப்பிட்டது, பூஜ்யம் வந்தது, ஸ்கிரிப்ட் எழுதியவரும் உங்களைப் போலவே தூங்கப் போய்விட்டார். சர்வர் இருந்த நெட்வொர்க்கில் வெளியே போகும் போர்ட் 25 (சர்வர்களுக்கிடையே மெயில் போகும் வழி) அடைக்கப்பட்டிருந்தது. நான் போய்க் கியூவைக் காட்டும் மெயில்கியூ கமாண்டை அடித்தால் திரை நிற்காமல் ஓடுகிறது, ஒவ்வொன்றின் கீழும் கனெக்‌ஷன் டைம்ட் அவுட். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும், நடுவில் எச்சரிக்கை மெயிலும் தானாக வராது, அதற்குத் தனியாக ஒரு செட்டிங் போடவேண்டும். ஐந்து நாள் கழித்து வந்த பவுன்ஸ் (போகவில்லை என்ற திருப்பு மெயில்) எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெட்டியில் குவிந்து கிடந்தது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? பூஜ்யம் வந்தது, மெயில் வரவில்லை. போதுமா?

முனையன்:
அது போஸ்ட்ஃபிக்ஸ்! நான் பேசுவது எம்எஸ்எம்டிபி! போஸ்ட்ஃபிக்ஸின் சென்ட்மெயில் கமாண்ட் தன் கியூவில் போட்டவுடனே பூஜ்யம் கொடுத்துவிடும், எதிர்முனையிடம் அது இன்னும் பேசியே இருக்காது. அதனால்தான் அது வேண்டாம், எம்எஸ்எம்டிபி போடுங்கள் என்றேன். என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், நன்றி.

சொல்லேர்:
இரண்டு பேரும் பூஜ்யம் பூஜ்யம் என்கிறீர்கள். சுழியம் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே. எக்ஸிட் கோட் என்பதையும் முடிவெண் என்று எழுதலாம்.

முனையன்:
இங்கே மெயில் போய்ச் சேர்ந்ததா என்று அடித்துக்கொள்கிறோம், நீங்கள் சுழியத்தோடு வந்து நிற்கிறீர்கள். போன தடவை கிரான் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் நிரல்) பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

சொல்லேர்:
அந்த இழையில் "காலநிரல்" என்ற சொல்லை முதலில் எழுதியது நான். பிறகு அதை எடுத்துப் பயன்படுத்தியவர்களில் நீங்களும் ஒருவர். ஒரு நன்றிகூட வரவில்லை.

அடிக்கோடு:
ஒரு சின்ன விஷயம். "போய்ச் சேர்ந்தது" என்று யார் எதைச் சொல்கிறீர்கள்? நாம் மெயிலைக் கொடுக்கும் ரிலே சர்வர் வாங்கிக்கொண்டதா, பெறுபவரின் சர்வர் வாங்கியதா, இல்லை இன்பாக்ஸில் கண்ணுக்குத் தெரிந்ததா? மூன்றும் வேறு வேறு. இதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நள்ளிரவு_நிர்வாகி:
முனையன், 250 யார் சொன்னது என்று நீங்கள் கேட்கவே மாட்டீர்களா? எம்எஸ்எம்டிபி பேசுவது உங்கள் ரிலேயோடு, போர்ட் 587-இல். பெறுபவரின் சர்வரோடு இல்லை. ரிலே 250 சொன்னால் உங்களுக்குப் பூஜ்யம். அதற்கப்புறம் இன்னும் எத்தனை வாசல் இருக்கிறது! மெயில் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகள். எஸ்பிஎஃப் சரியில்லை, டிகிம் கையெழுத்து இல்லை, டிமார்க்கில் ரிஜெக்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கேயே திருப்பி அடிப்பார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. சும்மா அனுப்புகிறவர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும்.

திருப்பி அடித்தால் தகவல் வருமே என்பீர்கள். எங்கே வரும்? உறைமேல் இருக்கும் அனுப்புநர் முகவரிக்கு. கிரான் அனுப்பும் மெயிலில் அது பெரும்பாலும் ரூட் அட் ஏதோ ஒரு உள் பெயர், வெளியே அப்படி ஒரு டொமைனே இருக்காது. ரிலே பவுன்ஸ் அனுப்பும், அந்த பவுன்ஸ் போய்ச் சேர இடமில்லாமல் செத்துப்போகும். ஆர்எஃப்சி சொன்ன பொறுப்பை ரிலே முழுசாக நிறைவேற்றிவிட்டது, உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, ரிலேயை நடத்திய நிறுவனத்திடம் லாக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். காலை 2.10-க்கு 250. 2.11-க்குப் பெறுபவர் பக்கம் 550, அதாவது வாங்கமாட்டேன். அதே நிமிடம் பவுன்ஸ், அதற்கும் போக்கிடம் இல்லை. என் ஸ்கிரிப்டில் பூஜ்யம். முழுப் பூஜ்யம்!

முனையன்:
அனுப்புநர் முகவரியை ஒழுங்காக வைக்காதது உங்கள் கான்ஃபிக் குற்றம். ஃப்ரம் என்று ஒரே ஒரு வரி. அதை எழுதாமல் விட்டுவிட்டு பூஜ்யத்தின் மேல் பழி போடுகிறீர்கள். 250 வந்ததா இல்லையா? வந்தது. பூஜ்யம் பொய் சொன்னதா? சொல்லவில்லை.

கான்ஃபிக் என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ்வேர்டை வெறும் எழுத்தாகக் கோப்பில் வைப்பவர்கள் எல்லாம் சர்வரைத் தொடவே கூடாது என்று ஒருமுறை என்னை இங்கே எல்லோர் முன்னாலும் பேசினீர்கள். நான் மறக்கவில்லை. எம்எஸ்எம்டிபிக்கான சொந்தக் கோப்பில் பாஸ்வேர்டை எழுதிவிட்டு 600 பெர்மிஷன் (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) வைக்காவிட்டால் அந்த நிரல் ஓடவே மறுத்துவிடும். அப்புறம் பாஸ்வேர்ட்இவால் என்று ஒரு வரி போட்டால் ஜிபிஜி என்ற குறியாக்க நிரலிலிருந்து எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு உங்களுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

நள்ளிரவு_நிர்வாகி:
எனக்கு நன்றாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஓடும் கிரானுக்கு ஜிபிஜி பாஸ்ஃப்ரேஸை யார் தட்டிக் கொடுப்பார்கள் என்று அன்றைக்கே கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

வாலறுந்த_பூனை:
என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூஜ்யம் வருகிறது, மெயில் வரவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் லாக்கும் வேண்டும் என்று எம்எஸ்எம்டிபியின் வெளியீட்டை பைப் போட்டு டீ கமாண்டுக்கு (வருவதைக் கோப்பிலும் எழுதிவைப்பது) அனுப்பியிருக்கிறேன். பைப் போட்டால் கடைசியில் நிற்கும் கமாண்டின் எண்தான் வெளியே வரும். வந்த பூஜ்யம் எம்எஸ்எம்டிபியுடையதே இல்லை, டீயுடையது. பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற செட்டிங்கைப் போட்டவுடனே உண்மையான எண் தெரிந்தது.

முனையன்:
பார்த்தீர்களா? இங்கேயும் எம்எஸ்எம்டிபி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நள்ளிரவு_நிர்வாகி:
பார்த்தீர்களா? பூஜ்யத்தை நம்பி இன்னொருத்தருக்கு இரண்டு நாள் வீண்.

சரி, இதற்கும் பதில் சொல்லுங்கள். பூஜ்யமும் வந்தது, மெயிலும் வந்தது, ஆனால் பாதி மெயில். ஒரு ஸ்கிரிப்ட் ராத்திரி முழுக்க ஓடி நீளமான அறிக்கை ஒன்றை சென்ட்மெயிலுக்குக் கொடுக்கும். வாரக்கணக்காக ஒழுங்காக வந்தது. ஒருநாள் நடுவில் அறுந்துபோய் வந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. உள்ளே போன கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தால், அறுந்த இடத்தில் ஒரு வரி, அந்த வரியில் ஒரே ஒரு புள்ளி. வேறு எதுவும் இல்லை. வரியில் தனியாகப் புள்ளி வந்தால் செய்தி முடிந்தது என்று சென்ட்மெயில் எடுத்துக்கொள்ளும், முந்தைய காலத்தில் ஆட்கள் முனையத்தில் உட்கார்ந்து தட்டி அனுப்பிய பழக்கம் அது. ஹைஃபன் ஐ (-i) என்ற ஆப்ஷனைப் போட்டால்தான் புள்ளியைப் புள்ளியாகவே விடும். அறிக்கையின் கீழ்ப்பாதியில்தான் பிழைகளின் பட்டியல் இருந்தது. எக்ஸிட் கோட்? பூஜ்யம்!

முனையன்:
ஹைஃபன் ஐ போடாதது யார் குற்றம்? பிஎச்பி மொழிகூட சென்ட்மெயிலைக் கூப்பிடும்போது ஹைஃபன் டி, ஹைஃபன் ஐ இரண்டையும் தானே போட்டுக்கொள்கிறது. அதுவும் மறுபடி சென்ட்மெயில் கதை! எரிக் ஆல்மன் 1983-இல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளியிட்டதைப் பிடித்துக்கொண்டு இன்னும் தொங்குகிறீர்கள். 1988-இல் மோரிஸ் வார்ம் என்ற இணையப் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று இதே சென்ட்மெயிலின் டீபக் ஓட்டைதான். அதை வைத்து எனக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறீர்கள்.

நள்ளிரவு_நிர்வாகி:
தம்பி, உங்கள் எம்எஸ்எம்டிபியும் சென்ட்மெயில் என்ற பெயரில்தான் பாதி இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், எல்லோரும் அந்தப் பெயருக்கு ஒரு கமாண்ட் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மெயில் அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு நிரலும் அந்தப் பெயரைத்தான் தேடுகிறது. ஆல்மன் போட்ட பாதையில் நடந்துகொண்டே அவரைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் கியூ. கியூ என்பது சும்மா அலங்காரம் இல்லை. எதிர்முனை 451 என்று சொன்னால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று அர்த்தம். திரும்ப முயல அரை மணி நேரமாவது இடைவெளி விடு, நாலைந்து நாளாவது விடாமல் முயற்சி செய் என்கிறது நீங்கள் காட்டிய அதே ஆர்எஃப்சி 5321. உங்கள் நிரல் அரை நிமிடம்கூட நிற்காது. ஆர்எஃப்சியில் உங்களுக்குப் பிடித்த வரியை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

முனையன்:
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. நான் ஐயா என்றுதான் ஆரம்பித்தேன்.

கியூ வேண்டும் என்றால் எம்எஸ்எம்டிபியோடு எம்எஸ்எம்டிபிகியூ ஸ்கிரிப்டும் வருகிறது. அப்புறம் 451 வந்தால் பூஜ்யம் வராது. நான் பேசுவது பூஜ்யம்.

சொல்லேர்:
சுழியம்.

நள்ளிரவு_நிர்வாகி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? தம்பி என்றது மரியாதைக் குறைவு என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பூஜ்யம் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டேன்.

அடிக்கோடு:
நல்மெயிலர் என்று ஒன்று இருக்கிறது. சின்ன நிரல், ரிலேக்கு மட்டுமே அனுப்பும், ஆனால் டிஸ்க்கில் கியூ வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். இருவர் கேட்பதும் அதில் ஓரளவு கிடைக்கும். நான் மேலே கேட்ட கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முனையன்:
நல்மெயிலரும் கியூவில் போட்டவுடனே பூஜ்யம் கொடுக்கும். அப்போது அந்தப் பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு? எம்எஸ்எம்டிபியின் பூஜ்யம் ஒன்றுதான் எதிரில் ஒருவர் வாங்கிக்கொண்டதற்குச் சாட்சி.

புதுவரவு27:
நேற்று கேள்வி கேட்டது நான்தான். என் பேக்கப் ஸ்கிரிப்ட் தோற்றுப்போனால் ஒரு மெயில் வரவேண்டும், அவ்வளவுதான் தேவை. இப்போது எதைப் போடுவது?

நள்ளிரவு_நிர்வாகி:
தோற்றால் மெயில் என்று வைக்காதீர்கள். தினமும் மெயில் வரட்டும், ஜெயித்தாலும் வரட்டும். ஒருநாள் வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு வாரம் இன்பாக்ஸையும் ஸ்பேம் பெட்டியையும் கையால் திறந்து பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் போடுங்கள், ரூட்டுக்கு வருவதை உங்கள் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள், டிலே வார்னிங் நாலு மணி நேரம் வையுங்கள். எக்ஸிட் கோடைப் பார்த்துத் தூங்கப் போகாதீர்கள்.

முனையன்:
எம்எஸ்எம்டிபி போடுங்கள். லாக்ஃபைல் வரியை மறக்காமல் எழுதுங்கள், ஃப்ரம் வரியையும். பூஜ்யம் இல்லாத எதுவாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பட்டும். பூஜ்யம் வந்தால் போய்ச் சேர்ந்தது.

நள்ளிரவு_நிர்வாகி:
ரிலேக்கு!

முனையன்:
போய்ச் சேர்ந்தது என்றுதான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.