நெயில் மேசைக்கு எந்த டஸ்ட் கலெக்டர் வாங்கலாம்?

நகக்கலை_கோவை: பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஸ்பிளிட் ஏசி, ஒரே ஜன்னல். அக்ரிலிக்கும் ஜெல்லும் செய்கிறேன். ஈ-ஃபைல் (நகம் தேய்க்கும் மின்சார அரம்) போட்டால் மேசையெல்லாம் மாவு மில் மாதிரி வெள்ளை. சாயங்காலம் தொண்டை கரகரக்கிறது. துணிப்பை வைத்த சின்ன கலெக்டர் போதுமா?

ஈரோடு_அக்கா: போதாதும்மா. அந்தப் பையில் பெரிய தூள்தான் நிற்கும், நுண்ணிய தூசு துணி வழியாகவே வெளியே வந்துவிடும். ஹெப்பா ஃபில்டர் (நுண்ணிய தூசையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ளதாகப் பார். ஆனால் ஹெப்பா தூசைத்தான் பிடிக்கும். மோனோமர் (அக்ரிலிக் பவுடரோடு கலக்கும் திரவம்), அசிட்டோன் ஆவியைப் பிடிக்காது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். 'கார்பன் உண்டு' என்று காகிதம் போன்ற மெல்லிய அட்டையைக் காட்டி விற்கிறார்கள், ஏமாறாதே. உனக்குத்தான் ஜன்னல் இருக்கிறதே! மேசையிலிருந்து டக்ட் போட்டு வெளியே தள்ளிவிடு. குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். காற்றை இழுக்கும் குழாய் வாய் கஸ்டமர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கணும். ஒரு அடி தள்ளிப் போனாலே இழுவை போச்சு.

மின்_வேலை: ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும், புதுக் காற்று வராது. எக்ஸாஸ்ட் போட்டால் கதவடியில் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் வீணாகச் சுற்றும்.

நகக்கலை_கோவை: சரி அக்கா, டக்ட்டே போடுகிறேன். மாஸ்க்?

ஈரோடு_அக்கா: தூசுக்கு என்95. சர்ஜிக்கல் மாஸ்க் சும்மா. ஆவிக்கு இரண்டுமே உதவாது. அசிட்டோன் நனைத்த பஞ்சை மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடு, பாதி நாற்றம் அங்கிருந்துதான் வரும்.