உதவி: பழைய வீட்டில் பாட்டுப் பதிவு, 30 ஆயிரத்துக்குள் எந்த மிக்ஸர் வாங்கலாம்?

இரண்டாங்கட்டு (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போகிற எங்கள் கூட்டத்தில் நன்றாகப் பாடுகிற குழு ஒன்று இருக்கிறது. முன்பாட்டு ஒருவர், பின்பாட்டு மூன்று பேர், ஆர்மோனியம், தபேலா, டோலக், ஜால்ரா. இவர்கள் பாட்டை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும். கூடவே எங்கள் ஆச்சியின் தாலாட்டுகளும். வரிகளை நோட்டில் எழுதிவிட்டோம், மெட்டை எழுத முடியாதே.

ஊரில் தெரிந்த மைக்செட்காரரிடம் பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தருகிற, யூ.எஸ்.பி. உள்ள சின்ன மிக்ஸர் ஒன்றை இரவல் வாங்கி, வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில்) ஆட்களை உட்கார வைத்து, விண்டோஸ் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைப் போட்டுப் பதிந்து பார்த்தோம். மூன்று தொல்லை:

நாலு மைக் போட்டும் லேப்டாப்பில் எல்லாம் ஒரே டிராக்காக (ஒலித்தடமாக) வந்துவிட்டது. தபேலா முழங்குகிறது, முன்பாட்டுக்காரர் குரல் அமுங்கிவிட்டது. தபேலாவை மட்டும் குறைக்க வழியில்லை.

லேப்டாப் சார்ஜரைச் செருகினால் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல்.

எல்லாமே கிணற்றுக்குள் பாடியது போல் எதிரொலிக்கிறது.

கடையில் கேட்டால், 12 சேனல் மிக்ஸர் ஒன்றைக் காட்டி, புளூடூத் இருக்கு, எக்கோ எஃபெக்ட் நிறைய இருக்கு, இதை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கையில் 30 ஆயிரம். எடுக்கலாமா?

மைக்செட்டு (தேவகோட்டை)

அண்ணே, அவசரப்படாதீங்க. 12 சேனல்னு அட்டையில போட்டிருந்தா 12 மைக் குத்தலாம்னு அர்த்தம் இல்ல. பின்பக்கமோ மேலயோ மூணு ஓட்டை உள்ள மைக் சாக்கெட் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் நாலுதான் இருக்கும். மிச்சமெல்லாம் கீபோர்டு, பாட்டுப் பெட்டி குத்துற ஸ்டீரியோ லைன். அதுல ஒரு ஜோடியை ரெண்டு சேனல்னு கணக்குல சேத்துருவாங்க. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல சரக்குதான், பேர்லயே 10 இருக்கு, மைக் நாலுதான் போகும். பெரிங்கர் 1204-லயும் மைக் நாலு. அவங்க யாரும் பொய் சொல்லல, கணக்கு அப்படி.

இன்னொண்ணு, பழைய செட்டு விலைக்கு வருதுன்னு ஆம்ப்ளிஃபையர் உள்ளயே இருக்குற பவர்டு மிக்ஸரைத் தூக்கிட்டு வந்துராதீங்க. கோயில் விசேஷத்துக்கு அது ராஜா. வீட்டுக்குள்ள பதியும்போது அதோட ஃபேன் சத்தமே ஒரு டிராக் கேக்கும்.

ஃபேடர் (காரைக்குடி)

நான் சின்னதாக ஒரு பதிவு அறை வைத்திருக்கிறேன். உங்கள் முதல் தொல்லைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போகிறது, அதை முதலில் பார்ப்போம்.

மலிவு விலை யூ.எஸ்.பி. மிக்ஸர்களில் முக்கால்வாசி, மேலே எத்தனை மைக் இருந்தாலும், கம்ப்யூட்டருக்கு இடது வலது என்று இரண்டே சேனலைத்தான் அனுப்பும். மெயின் ஃபேடரை (மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளுகுமிழை) தாண்டி வெளியே வருகிற கலவைதான் அது. குழம்பு கொதித்த பிறகு புளியைத் தனியே எடு என்றால் எடுக்க முடியுமா? அதே கதைதான். கடைக்காரர் காட்டுகிற 12 சேனலும் இதே ரகமாக இருந்தால் உங்கள் தபேலா அங்கேயும் முழங்கும். எக்கோவும் புளூடூத்தும் அதை மாற்றாது. போதாக்குறைக்கு, எக்கோ போட்டுப் பதிந்துவிட்டால் பிறகு அதை எடுக்கவும் முடியாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "யூ.எஸ்.பி. வழியாக ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காகப் போகுமா?" பதில் தெரியாமல் மழுப்பினால், மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அதன் விவரத்தாளில் எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்று பாருங்கள். 2 உள்ளே 2 வெளியே என்று இருந்தால் அது ஸ்டீரியோ மட்டும். பெயரை நம்பி எடுத்துவிடாதீர்கள். பெரிங்கர் எக்ஸ்ஏர் வரிசையையே பாருங்கள். எக்ஸ்ஆர்18 கம்ப்யூட்டருக்கு 18 சேனலைத் தனித்தனியே அனுப்பும். அதன் தம்பி எக்ஸ்ஆர்16 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் பென்டிரைவில் ஸ்டீரியோ பதிவதோடு சரி.

புதிதாக ஒன்றும் வாங்காமல் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இரவல் மிக்ஸரில் முன்பாட்டு மைக்கின் பேன் குமிழை (ஒலியை இடம் வலமாகத் தள்ளுகிற குமிழ்) முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள், தாளம் ஆர்மோனியம் எல்லாவற்றையும் முழுக்க வலப்பக்கம். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்தால் குரல் ஒரு டிராக், வாத்தியம் ஒரு டிராக். ஆச்சி தாலாட்டுக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவையில்லை.

இரண்டாங்கட்டு

அண்ணே, பேன் யோசனை பிரமாதம், ஆச்சிக்கு இன்றைக்கே செய்துவிடலாம். ஆனால் குழுவுக்கு எனக்குக் குறைந்தது ஆறு டிராக் வேண்டுமே. அப்படியானால் மிக்ஸரே வேண்டாம் என்கிறீர்களா? எங்கள் குழுவில் ஒருவருக்கு ஃபேடரைக் கையால் தள்ளினால்தான் திருப்தி. தைப்பூசத்தின்போது தங்குகிற இடத்தில் பாட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

ஃபேடர்

வீட்டில் பதிவது மட்டும்தான் என்றால் மிக்ஸர் வேண்டாம், மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி போதும். பெரிங்கர் யுஎம்சி404ஹெச்டியில் நாலு மைக், யுஎம்சி1820-இல் எட்டு மைக், எல்லாம் தனித்தனி டிராக்காகப் போகும். உங்கள் எட்டுப் பேருக்கு 1820 கச்சிதம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-லும் எட்டு மைக் உண்டு, விலைதான் கூட. மின்சாரம் ஊட்டினால்தான் வேலை செய்கிற கன்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இவற்றிலேயே இருக்கிறது. விலை கடைக்குக் கடை மாறுகிறது, ஆகவே இரண்டு இடத்தில் கேளுங்கள். பெட்டிக்கே 30 ஆயிரத்தையும் கொட்டிவிடாதீர்கள். மைக் ஸ்டாண்டு, கேபிள், ஹெட்போன் என்று பின்னாலேயே வரிசையில் நிற்கும்.

ஃபேடர் தள்ள வேண்டும், நடைபயணத்துக்கும் வேண்டும் என்றால் பல டிராக் பதிகிற மிக்ஸர் தேட வேண்டும். ஸூம் லைவ்டிராக் எல்-8, டாஸ்காம் மாடல் 12, சவுண்டுகிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, இந்த மூன்றும் ஒவ்வொரு சேனலையும் தனியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். முதல் இரண்டும் லேப்டாப்பே இல்லாமல் எஸ்டி கார்டிலும் தனித்தனி டிராக்காகப் பதியும். உங்கள் குழுவுக்கு என் கையில் பணம் இருந்தால் நான் எடுப்பது டாஸ்காம்தான். ஆனால் 30 ஆயிரத்தில் புதிதாக அது நடக்கிற காரியம் இல்லை.

ஆகவே என் முடிவு: 1820 வாங்குங்கள். நடைபயணத்துக்கு இரவல் மிக்ஸரே போதும். ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் பார்க்க நினைத்தால் இந்த விலையில் இரண்டும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

மென்பொருளையும் மாற்றிவிடுங்கள். விண்டோஸில் ஆடாசிட்டியை வைத்து எட்டு டிராக் எடுப்பது மல்லுக்கட்டுதான். ரீப்பர் போடுங்கள். 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். பெட்டி தயாரித்தவர்களின் ஏசியோ டிரைவரை (பெட்டியை மென்பொருளோடு இணைக்கிற நிரலை) அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா ரோடு (சிங்கப்பூர்)

எந்த மாடல்னு சொல்லுங்க, அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன், கையிலயே கொண்டாந்துடறேன். இங்கயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேற.

ஃபேடர்

நல்ல மனசு. ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோடு நின்றுவிடும், பழுது என்றால் யார் திருப்பி எடுத்துப் போவது? பெட்டியை இங்கேயே வாங்கட்டும். நீங்கள் நல்ல ஹெட்போன் ஒன்று கொண்டு வாருங்கள்.

மூணு பின் (பள்ளத்தூர்)

இரண்டாவது தொல்லையை யாரும் தொடவில்லையே. நான் ஓய்வு பெற்ற வயர்மேன், அதனால் சொல்கிறேன்.

சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டும்போது இரைச்சல் நிற்கிறதா? நின்றால் மிக்ஸரில் கோளாறு இல்லை, எர்த்தில் கோளாறு. லேப்டாப் ஒரு பிளக்கில், மிக்ஸர் இன்னொரு மூலையில் இன்னொரு பிளக்கில் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே யூ.எஸ்.பி. கேபிள் வழியாக ஒரு சுற்று உருவாகி 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே வரும். முதல் வேலை, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் வீட்டு வயரிங்கைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் மரப்பட்டைக்குள் ஓடுகிற பழைய வயரிங் இன்னும் இருக்கிறது. பிற்பாடு யாரோ மூணு பின் சாக்கெட் மாட்டியிருப்பார்கள், மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது. மல்டிமீட்டரை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காட்டுகிற அதே அளவு, ஏறக்குறைய 230, காட்ட வேண்டும். பாதி காட்டினாலோ முள் ஆடிக்கொண்டே இருந்தாலோ எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே செய்ய வேண்டாம், உரிமம் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உலோக மைக்கில் உதட்டை வைத்துப் பாடுகிறவருக்குச் சுருக்கென்று அடிக்கும். சில நேரம் சுருக்கென்பதோடு நிற்காது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பதியும்போது ஃபேன் ரெகுலேட்டரையும் அணைத்து வையுங்கள்.

மைக்செட்டு

வயர்மேன் அய்யா சொன்னது நூத்துக்கு நூறு. ஒண்ணு சேத்துக்கறேன். மைக்குக்கு மூணு பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் ரெண்டு பக்கமும் போடுங்க. ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை கிதார் பின்னுன்னு நாங்க வச்சிருக்குறதைக் கடன் வாங்காதீங்க. அது தெருவுல போற இரைச்சலையெல்லாம் இழுத்துட்டு வரும்.

முகப்பு (காரைக்குடி)

எதிரொலிக்கு நான் பதில் சொல்கிறேன், மிக்ஸரில் அதற்கு மருந்தே கிடையாது. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்த பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவில் திறந்த முற்றம். சத்தம் எங்கே போய் ஒட்டும்? முட்டி முட்டித் திரும்பித்தான் வரும். வெயிலுக்கும் கண்ணுக்கும் கட்டின வீடு அது, மைக்குக்குக் கட்டினது அல்ல.

வளவை விட்டுவிட்டு, சுற்றி இருக்கிற உள் அறைகளில் ஒன்றுக்குள் போங்கள். சாமான் அடைந்து கிடக்கிற அறையே நல்லது. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி வையுங்கள், கீழே ஜமுக்காளத்தை மடித்து இரட்டையாய் விரியுங்கள். சேலை, மெல்லிய திரை எல்லாம் மேல் ஸ்தாயி கிறீச்சை மட்டும் குறைக்கும், தபேலாவின் அடித்தொனிக்கு ஒன்றும் செய்யாது. கனம் வேண்டும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். இந்த மாதிரி அறைக்கு விலை கூடின கன்டென்சரைவிட ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் தேவலை, அது சுவரைக் குறைவாகக் கேட்கும்.

யுத்த காலத்தில் ஏவி.எம். சென்னையை விட்டு காரைக்குடிக்கு வந்து கொட்டகை போட்டுப் படமே எடுத்தார்கள், 1948-இல்தான் திரும்பிப் போனார்கள். நமக்கு மெத்தை கிடைத்தால் போதாதா?

இரண்டாங்கட்டு

எல்லாரும் சொன்னபடி பார்த்தேன். ஒரே போர்டில் செருகியதும் உறுமல் பாதியாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. எலக்ட்ரீசியன் வந்து அளந்துவிட்டு, அந்தக் கட்டுக்கே எர்த் கம்பி வரவில்லை என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒரு குழி போட்டு எர்த் இழுக்கிறோம், ஆக அந்தச் செலவும் 30 ஆயிரத்தில்தான்.

ஆச்சியை அறைக்குள் உட்கார வைத்து, மெத்தை வைத்து, பேன் முறையில் பதிந்தோம். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல் தெளிவாக இருக்கிறது. "எதுக்குடா மெத்தையைச் செவத்துல சாத்திருக்கே" என்று கேட்டதும் சேர்ந்து பதிவாகிவிட்டது, அதை வெட்டப் போவதில்லை.

பெட்டி 1820 என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கேள்வி மிச்சம்: எட்டுப் பேரும் ஒரே அறையில் பாடினால், தனி டிராக் இருந்தாலும் ஒருவர் மைக்கில் இன்னொருவர் விழுவாரே?

ஃபேடர்

விழுவார். தனி டிராக் என்பது தனி அறை ஆகாது. ஒரு மைக்குக்கும் அதில் பாடுகிறவருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று பங்காவது அடுத்த மைக்குக்கு இடைவெளி விடுங்கள். முன்பாட்டு மைக்கின் பின்புறம் தபேலாவைப் பார்த்தபடி இருக்கட்டும். எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக் முதுகுப்பக்கம் குறைவாகக் கேட்கும். பின்பாட்டு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மைக் போதும், மூன்று வைத்தால் குழப்பம்தான். ஜால்ராவை எல்லாருக்கும் தூரமாக உட்கார வையுங்கள், அது எந்த மைக்கிலும் தானாக வந்து விழும், அதற்கென்று மைக்கே வேண்டாம்.

அளவு வைக்கும்போது உச்சத்தில் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி கெயினை (மைக் ஒலியைக் கூட்டுகிற குமிழை) வையுங்கள். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்தாலும் அந்த இடம் பாழ்.

நேரம் மட்டும் பார்த்து வையுங்கள். மார்கழியில் விடிகாலை என்று திட்டம் போட்டால் கோயில் ஸ்பீக்கர் உங்கள் எல்லா டிராக்கிலும் பாடும்.