தூக்கத்தைக் கணக்கிட விரலில் போடும் ஸ்மார்ட் ரிங்கா, மணிக்கட்டில் கட்டும் பேண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
பேண்ட் மணிக்கட்டில் உறுத்துகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் ரிங்குக்கு மாறினேன். ஒரு ராத்திரி மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணைக்கு நான். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரண்டால் பாய்ச் சத்தத்தில் அப்பா விழித்துவிடுவாரோ என்று கையைக்கூட அசைக்கவில்லை. மூன்று மணிக்கு நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தேன். காலையில் ஆப்பைத் திறந்தால், ஒன்றிலிருந்து மூன்று வரை தூக்கமாம், அதில் 40 நிமிடம் ஆழ்ந்த தூக்கமாம். அந்த 40 நிமிடமும் நான் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பேசாமல் பழைய பேண்டுக்கே போய்விடலாமா?

மதுரைப்பொண்ணு:
அண்ணா, இதற்கு ரிங்கைக் குறை சொல்ல முடியாது. பேண்ட் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். இரண்டுமே தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி நாடித்துடிப்பையும், அசைவையும் பார்த்துத்தான் கணக்குப் போடுகின்றன. மூளை விழித்திருக்கிறதா என்பது தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு ரிங் ஒத்துவராததற்குக் காரணம் வேறு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கிய காலையில் விரல் வீங்கி ரிங் மாட்டிக்கொண்டது. சோப்பு, எண்ணெய் எதற்கும் நகரவில்லை. விரல் நுனி நீலம் பாரித்துவிட்டது. அத்தைதான் தையல் நூலை ரிங்குக்கு அடியில் ஊசியின் காதுப் பக்கமாக நுழைத்து, மூட்டு வரைக்கும் நெருக்கிச் சுற்றி, அடிமுனையைப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ரிங் ஒரு நூலிழை மேலே ஏறியது. டைட்டானியம் என்பதால் தங்க மோதிரத்தை வெட்டுகிற மாதிரி லேசில் வெட்டவும் முடியாதாம். அன்றோடு ரிங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

சேலத்துக்காரன்:
மேலே தங்கை சொன்னது சரி. ஆனாலும் இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான் சாதாரண பேண்ட்தான் கட்டியிருந்தேன். ராத்திரி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 83 சதவீதம் வரை இறங்கியதாகக் காட்டியது. பேண்ட் தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வீட்டம்மா என்னை உலுக்கி எழுப்பி, "மூச்சே வரலைங்க, எண்ணிக்கிட்டே இருந்தேன், இருபது வரைக்கும் எண்ணிட்டேன்" என்று அழுதுவிட்டார். அவர் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரமாம். இப்போது காற்று செலுத்தும் மெஷினின் மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறேன்.

பொள்ளாச்சி ரவுண்டு:
என் ரிங் ஜிம்மில் டம்பெல் பட்டுக் கீறியதோடு சரி, வேறு கதை இல்லை. வாங்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன்.

அளவு பார்க்க அனுப்புகிற பிளாஸ்டிக் மோதிரத்தை ஒரு பகலும் ஓர் இரவும் போட்டுப் பாருங்கள். விரலின் பருமன் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நகைக்கடை அளவை நம்பி ஆர்டர் போடாதீர்கள். முடிந்தால் ஆள்காட்டி விரல். அப்புறம் சந்தா. அவ்ரா ரிங்கில் எல்லா விவரமும் பார்க்க மாதம் 5.99 டாலர் கட்ட வேண்டும். சாம்சங் ரிங்குக்கும் பெங்களூரு கம்பெனியான அல்ட்ராஹியூமனின் ரிங்குக்கும் அந்தத் தொல்லை இல்லை. பேட்டரி போனால் ரிங்கைத் தூக்கித்தான் போட வேண்டும், மாற்ற வழியில்லை. பேண்ட் என்றால் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அழுந்தக் கட்டுங்கள், இரத்தம் கட்டுகிற அளவுக்கு வேண்டாம். முக்கியமாக, எழுந்ததும் ஆப் போடும் தூக்க ஸ்கோரைப் பார்க்காதீர்கள். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே யோசித்துவிட்டு அப்புறம் ஆப்பைத் திறவுங்கள். ஸ்கோருக்காகவே கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 2017-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நெல்லை அக்கா:
தம்பி இவ்வளவு எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. என் ரிங்கில் அதிர்வு கிடையாது. காலை நாலரைக்கு எழ வேண்டும், பக்கத்தில் கைக்குழந்தை. போனில் அலாரம் வைத்தால் குழந்தை வீல் என்று கத்தும். பேண்ட் மணிக்கட்டில் துடித்தால் நான் மட்டும் எழுந்துகொள்வேன். எனக்கு அது போதும், பேண்ட்தான்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். சேலத்து அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறது. ஒருமுறை பதினான்கு வரை எண்ணினேன். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், இதையும் சொல்லப்போகிறேன். அண்ணா, அந்தப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டுமா?